விண்டோஸ் 10 லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட்: எஸ்எஸ்டி கண்ணில் படவில்லையென்றால் என்ன செய்வது?

அக்காவின் லேப்டாப் 2017இல் வாங்கியது. ஏழாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கணக்கு டியூஷன் எடுக்கிறார். வினாத்தாள் அடிப்பது, ஜூம் வகுப்பு, யூடியூப், இவ்வளவுதான் வேலை. அதற்கு இந்த லேப்டாப் இன்னும் நாலு வருஷம் தாராளமாக ஓடும்.

ஆனால் விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 போடலாமென்றால், இன்டெல் செயலிகளில் ஒன்றிரண்டு விதிவிலக்குகள் போக, எட்டாம் தலைமுறையிலிருந்துதான் பட்டியலில் இருக்கின்றன. விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்பு வசதியான டிபிஎம் 2.0 அக்காவின் லேப்டாப்பில் இருக்கிறது, செயலிதான் ஒரு தலைமுறை பின்தங்கிவிட்டது. இந்தச் சோதனையை ஏமாற்றி விண்டோஸ் 11 போடும் குறுக்குவழிகள் உண்டு. நாளைக்கு ஒரு பெரிய அப்டேட் வரும்போது அது வேலை செய்யுமா என்று பயந்துகொண்டே இருக்க வேண்டும் என்பதால், அடுத்தவர் கணினியில் அதை நான் செய்ய மாட்டேன்.

அதனால் விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட். விண்டோஸை உடனே அழிக்காமல் பக்கத்திலேயே வைத்துக்கொண்டோம். மைக்ரோசாஃப்ட் தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் தரும் நீட்டிப்புத் திட்டம் வைத்திருக்கிறது, அதிலும் பதிவுசெய்துவிட்டேன். பழகுவதற்கு அந்த அவகாசம் போதும்.

மொத்த வேலையில் முக்கால்வாசி சுலபம். என்னை ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை உட்கார வைத்தது கீழே வரும் நான்காவது படிதான். அதை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள்.

படி 1: எந்த மின்ட், எப்படி இறக்குவது

நான் போட்டது மின்ட் 22.2. உபுண்டு 24.04ஐ அடிப்படையாகக் கொண்டது, 2029 ஏப்ரல் வரை அப்டேட் வரும். சின்னமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஇ என்று மூன்று வகை உண்டு. 8 ஜிபி ரேம் இருந்தால் சின்னமன் எடுங்கள், விண்டோஸ் பழகிய கைக்கு அதுதான் இயல்பாக இருக்கும். 4 ஜிபி என்றால் எக்ஸ்எஃப்சிஇ.

கோப்பு கிட்டத்தட்ட 3 ஜிபி. இறக்கி முடித்ததும், கோப்பு முழுதாக இறங்கியதா என்று காட்டும் எஸ்எச்ஏ256 எண்ணைச் சரிபாருங்கள். செவன்-ஜிப் நிறுவியிருந்தால் கோப்பின் மேல் வலது கிளிக் செய்தாலே அந்த எண்ணைக் காட்டும். மின்ட் தளத்தில் கொடுத்திருக்கும் எண்ணோடு அது ஒத்துப்போக வேண்டும். கோப்பு அரைகுறையாக இறங்கியிருந்தால் நிறுவும்போது பாதியில் நின்று, காரணமே புரியாமல் மண்டை காயும்.

படி 2: பென் டிரைவ்

8 ஜிபி பென் டிரைவ் போதும், ஆனால் அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். எழுதுவதற்கு நான் ரூஃபஸைத்தான் சொல்வேன். சின்ன நிரல், நிறுவவே வேண்டாம். பார்டிஷன் வகை ஜிபிடி, இலக்கு யுஇஎஃப்ஐ என்று வைத்து, ஐஎஸ்ஓ முறையா டிடி முறையா என்று கேட்டால் அது பரிந்துரைப்பதையே ஏற்றுக்கொள்ளுங்கள். ஒரே பென் டிரைவில் நாலைந்து லினக்ஸ் வைத்துச் சோதிக்கும் ஆசையிருந்தால் வென்டாய் அருமையானது. முதல்முறை செய்பவர்களுக்கு நான் அதைச் சொல்வதில்லை. செக்யூர் பூட் (நம்பகமான இயங்குதளத்தை மட்டும் தொடங்கவிடும் பாதுகாப்பு) உள்ள கணினியில் வென்டாய் முதலில் ஒரு நீலத்திரையைக் காட்டிச் சாவியைப் பதியச் சொல்லும். புதியவர்கள் அங்கேயே ஏதோ கெட்டுவிட்டது என்று நிறுத்திவிடுகிறார்கள்.

படி 3: விண்டோஸுக்குள் செய்ய வேண்டியவை

முக்கியமான கோப்புகளை வெளியே ஒரு ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து வைத்தாகிவிட்டது என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் என்கிரிப்ஷனை அணைக்க வேண்டும். செட்டிங்ஸில் அப்டேட் அண்ட் செக்யூரிட்டி பகுதியில் டிவைஸ் என்கிரிப்ஷன் என்று இருந்தால் அதை அணையுங்கள். ப்ரோ பதிப்பில் இதுவே பிட்லாக்கர். 'நான் எதையும் பூட்டவில்லையே' என்று தாண்டிப் போகாதீர்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்திருந்தால் பல லேப்டாப்களில் அது தானாகவே இயங்கத் தொடங்கியிருக்கும். முழுதாகத் திறந்து முடிய நேரம் பிடிக்கும், சார்ஜரைச் செருகிவிட்டுக் காத்திருங்கள்.

அடுத்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதில் பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் பக்கம். அங்கே இதற்கான டிக்கை எடுத்துவிடுங்கள். இது இருந்தால் 'ஷட் டவுன்' கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக மூடாது, பாதி உறக்கத்தில் இருக்கும். மின்ட்டிலிருந்து விண்டோஸ் பார்டிஷனை (விண்டோஸ் இருக்கும் டிஸ்க் பகுதியை) திறந்தால் படிக்க மட்டுமே முடியும், எழுத முடியாது.

அப்புறம் இடம் ஒதுக்குவது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி டிரைவை வலது கிளிக் செய்து ஷ்ரிங்க் வால்யூம். அங்கே கணக்கு எம்பியில், 60 ஜிபி வேண்டுமென்றால் 61440 என்று கொடுக்க வேண்டும். கிடைக்கும் காலி இடத்தை அப்படியே விடுங்கள், புதிதாக எதையும் உருவாக்க வேண்டாம்.

பின்சேர்க்கை: 'எனக்கு 100 ஜிபி காலியாக இருக்கிறது, ஆனால் 9 ஜிபிக்கு மேல் சுருக்க விடவில்லை' என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பார்டிஷனின் நடுவில் நகர்த்த முடியாத கோப்புகள் உட்கார்ந்திருப்பதுதான் காரணம். சிஸ்டம் ரெஸ்டோர், பேஜ் ஃபைல், ஹைபர்னேஷன் மூன்றையும் தற்காலிகமாக அணைத்து, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிட்டுச் சுருக்கிப் பாருங்கள். அவருக்கு 70 ஜிபி கிடைத்தது. முடிந்ததும் பேஜ் ஃபைலை மறக்காமல் திரும்பப் போட்டுவிடுங்கள்.

படி 4: எஸ்எஸ்டி தெரியாத சிக்கல்

பென் டிரைவிலிருந்து மின்ட் அழகாகத் திறந்தது. நிறுவத் தொடங்கி, எங்கே நிறுவ வேண்டும் என்று கேட்கும் பக்கம் வந்தால், பட்டியலில் பென் டிரைவ் மட்டும் இருக்கிறது. 256 ஜிபி எஸ்எஸ்டியைக் காணோம். சிலருக்கு 'ஆர்எஸ்டியை அணைக்கவும்' என்ற அறிவிப்பு வரும். இரண்டும் ஒரே நோய்தான்.

விஷயம் இதுதான். விண்டோஸோடு வரும் பல லேப்டாப்களில் பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே இயங்கும் அடிப்படை அமைப்புத் திரையில்) சேமிப்பு முறையை ரெய்டு (பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக நடத்தும் முறை) என்றோ இன்டெல் ஆர்எஸ்டி என்றோ வைத்திருப்பார்கள், உள்ளே ஒரே ஒரு எஸ்எஸ்டி இருந்தாலும் கூட. அந்த முறையில் என்விஎம்இ வகை எஸ்எஸ்டி நேரடியாக வெளியே தெரியாது, இன்டெல்லின் கட்டுப்படுத்திக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். விண்டோஸில் அதற்கான டிரைவர் இருப்பதால் அது பார்த்துவிடுகிறது. லினக்ஸ் எஸ்எஸ்டியை நேராகத் தேடுகிறது, அங்கே ஒன்றும் இல்லை. பயாஸில் இந்த அமைப்பை ஏஎச்சிஐ என்ற சாதாரண முறைக்கு மாற்றினால் எஸ்எஸ்டி வெளியே வந்துவிடும்.

நான் செய்த தவறு, இதைப் படித்ததும் நேராகப் பயாஸுக்குப் போய் மாற்றியது. மின்ட்டில் எஸ்எஸ்டி தெரிந்தது. ஆனால் விண்டோஸ் திறக்கவில்லை. நீலத்திரை, ரீஸ்டார்ட், மறுபடி நீலத்திரை. அக்கா பக்கத்தில் நின்று, 'டேய், பிள்ளைங்க பரீட்சைத் தாளெல்லாம் அதுல இருக்குடா' என்றார். எதுவும் அழிந்திருக்கவில்லை. பழையபடி ரெய்டுக்கு மாற்றியதும் விண்டோஸ் திறந்தது. ஏஎச்சிஐ டிரைவரை ஏற்றாமலே விண்டோஸ் தொடங்கப் பார்த்ததுதான் காரணம். சேஃப் மோடில் ஒருமுறை தொடங்கினால் தேவையான டிரைவரை அதுவே ஏற்றிக்கொள்ளும். எனவே வரிசை இப்படி இருக்க வேண்டும்:

1. என்கிரிப்ஷன் முழுதாக அணைந்துவிட்டதா என்று மறுபடி பாருங்கள். அணைக்காமல் பயாஸை மாற்றினால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும்.
2. உங்கள் விண்டோஸ் கணக்கின் பாஸ்வேர்ட் நினைவிருக்கிறதா? தினமும் நான்கு இலக்கப் பின் எண் போட்டே பழகியிருப்பீர்கள். சேஃப் மோடில் அந்தப் பின் எண் வேலை செய்யாமல் போகலாம், பாஸ்வேர்ட்தான் துணை.
3. ஸ்டார்ட் மெனுவில் சிஸ்டம் கான்ஃபிகரேஷன் என்று தேடித் திறந்து, பூட் தாவலில் சேஃப் பூட், அதன் கீழே மினிமல். ரீஸ்டார்ட் கொடுங்கள்.
4. விண்டோஸ் திறக்கும் முன்பே பயாஸுக்குள் நுழைந்து, ரெய்டை ஏஎச்சிஐ ஆக்கிச் சேமியுங்கள்.
5. விண்டோஸ் சேஃப் மோடில் திறக்கும். உள்ளே போய், அதே சிஸ்டம் கான்ஃபிகரேஷனில் சேஃப் பூட் டிக்கை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் கொடுங்கள்.

இப்போது விண்டோஸ் வழக்கம்போல் திறக்க வேண்டும். திறந்து, கோப்புகளைப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகே அடுத்த படிக்குப் போங்கள். விண்டோஸே வேண்டாம், முழுதாக அழிக்கப் போகிறோம் என்பவர்களுக்கு நான்காவது வரி மட்டும் போதும்.

பின்சேர்க்கை: 'என் பயாஸில் ஏஎச்சிஐ என்ற வார்த்தையே இல்லை' என்று பலர் எழுதினார்கள். ஏசர் லேப்டாப்கள் சிலவற்றில் பயாஸின் மெயின் தாவலில் நின்று கண்ட்ரோல், எஸ் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் மறைந்திருக்கும் வரி தெரியும். இன்டெல் 11ஆம் தலைமுறையிலிருந்து வந்த லேப்டாப்கள் பலவற்றில் இதே சங்கதி விஎம்டி என்ற பெயரில் இருக்கும், அங்கே அணைக்க வேண்டியது அதைத்தான்.

படி 5: நிறுவுதல்

பென் டிரைவைச் செருகி, லேப்டாப்பைப் போட்டதும் பூட் மெனு விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவோவில் எஃப்12, ஹெச்பியில் எஃப்9, ஏசஸில் எஸ்கேப். செக்யூர் பூட்டை அணைக்கத் தேவையில்லை, மின்ட் அதோடு ஒத்துப்போகும்.

திரை வந்ததும் நேராக நிறுவாதீர்கள். அரைமணி நேரம் அப்படியே பயன்படுத்திப் பாருங்கள். வைஃபை, ஒலி, கேமரா, திரை வெளிச்சம், மூடித் திறந்தால் விழிக்கிறதா என்று எல்லாவற்றையும் சோதியுங்கள். எதையும் மாற்றாமல் ஒரு இயங்குதளத்தை இப்படி ஓட்டிப் பார்க்க முடிவதுதான் லினக்ஸில் எனக்கு மிகவும் பிடித்தது.

பிறகு நிறுவும் ஐகானை அழுத்துங்கள். மல்டிமீடியா கோடெக்குகள் பெட்டியை டிக் செய்யுங்கள். செக்யூர் பூட்டுக்காக ஒரு பாஸ்வேர்ட் கேட்டால், எளிதாக ஒன்று கொடுத்துத் தாளில் எழுதி வையுங்கள். அடுத்த ரீஸ்டார்ட்டில் நீலத்திரை வரும், அதில் என்ரோல் என்பதைத் தேர்ந்து அதே பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும்.

விண்டோஸோடு சேர்த்து நிறுவு என்ற தேர்வு வந்தால் அதையே எடுங்கள். வராவிட்டால் 'சம்திங் எல்ஸ்' போய், நாம் ஒதுக்கிய காலி இடத்தைத் தேர்ந்து, எக்ஸ்ட்4, மவுன்ட் பாயிண்ட் / என்று கொடுங்கள். ஏற்கெனவே இருக்கும் சின்ன இஎஃப்ஐ பார்டிஷனை ஃபார்மேட் செய்துவிடக் கூடாது, விண்டோஸ் தொடங்குவதும் அதிலிருந்துதான்.

படி 6: முதல் நாள் வேலைகள்

அப்டேட் மேனேஜரை ஓட்டுங்கள். பிறகு டைம்ஷிஃப்ட்டைத் திறந்து ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துவிடுங்கள். ஏதாவது அப்டேட் காலை வாரினால் முந்தைய நிலைக்குத் திரும்பலாம். அது காப்பது இயங்குதளத்தை மட்டும், உங்கள் சொந்தக் கோப்புகளுக்குத் தனியாக நகல் வேண்டும்.

தமிழ் தட்டச்சைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கீபோர்டு அமைப்பில் தமிழ்நெட் 99 என்று ஒரு தேர்வு இருக்கும். அக்கா தமிழ்99 பழகியவர், நானும் ஆசையாக அதைச் சேர்த்துக் கொடுத்தேன். 'அம்மா' என்று அடிக்க முயன்றவருக்கு 'அமமா' வந்தது. விசைகள் இருக்கும் இடம் சரிதான். ஆனால் தமிழ்99இன் உயிரே தானாகப் புள்ளி விழுவதில் இருக்கிறது. ஒரே மெய்யை இரண்டுமுறை அடித்தாலும், ங-வுக்குப் பின் க அடித்தாலும் முதல் எழுத்துக்குப் புள்ளி வந்துவிட வேண்டும். முன்னால் என்ன அடித்தோம் என்று பார்க்கத் தெரியாத வெறும் கீபோர்டு அமைப்பு அதைச் செய்யாது.

சரியான வழி ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருள். சினாப்டிக் மென்பொருளில் ஐபஸ்-எம்17என் என்ற தொகுப்பை நிறுவி, இன்புட் மெத்தட் அமைப்பில் ஐபஸைத் தேர்ந்தெடுத்து, லாக் அவுட் செய்து மறுபடி உள்ளே வாருங்கள். ஐபஸ் விருப்பங்களில் தமிழ் மொழியின் கீழ் தமிழ்99ஐச் சேர்த்தால் முடிந்தது. லிப்ரெஆபீஸிலும் பயர்பாக்ஸிலும் சுத்தமாக அடிக்கிறது. ஒலிபெயர்ப்பு முறையில் அடிப்பவர்களுக்கும் அதே பட்டியலில் தேர்வு உண்டு.

பின்சேர்க்கை: வைஃபையும் கடிகாரமும்

வைஃபை இல்லாமல் டிரைவர் இறக்க முடியாது, டிரைவர் இல்லாமல் வைஃபை வராது என்ற இக்கட்டில் மாட்டியவர்கள், ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து யுஎஸ்பி டெதரிங்கைப் போடுங்கள். உடனே இணையம் வரும். பிறகு டிரைவர் மேனேஜரைத் திறந்தால் பிராட்காம் வைஃபைக்கான டிரைவரை அதுவே காட்டும்.

மின்ட்டிலிருந்து விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். பேட்டரி போய்விட்டதோ என்று கடைக்குக் கொண்டுபோக வேண்டாம். மதர்போர்டில் உள்ள கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை வைக்கிறது, விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று படிக்கிறது. விண்டோஸின் நேர அமைப்பில் 'சிங்க் நவ்' அழுத்தினால் அப்போதைக்குச் சரியாகிவிடும். அக்கா விண்டோஸைத் திறந்து மூன்று வாரம் ஆகிவிட்டதால், அவருக்கு இந்தத் தொந்தரவு இன்னும் வரவில்லை.