முதல் டெலி லென்ஸ்: 300 என்ற எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள்

மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தடியில் தூரத்தைக் கிட்ட இழுக்கும் டெலி லென்ஸ் பூட்டிய கமராவோடு நின்றால் யாராவது ஒரு தம்பி வந்து, "அண்ணா, பறவை எடுக்க எத்தனை மில்லிமீட்டர் வேணும்?" என்று கேட்பான். நானும் அந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் முதல் லென்ஸை வாங்கினேன். 300 என்று எழுதியிருந்தது, விலையும் மலிவு, வேறொன்றும் பார்க்கவில்லை. வாவிக்கு மேலே ஒரே இடத்தில் நின்று சிறகடித்த கறுப்பு வெள்ளை மீன்கொத்தி, படத்தில் நனைந்த பஞ்சு மாதிரி வந்தது.

கெனன் வைத்திருப்பவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது 75–300. அதில் கை நடுக்கத்தை அடக்கும் ஐஎஸ் கிடையாது. 300இல் லென்ஸின் துவாரத்தை முழுதாகத் திறந்து எடுத்தால் கூர்மையும் குறையும். பாவித்த 55–250 ஐஎஸ் எஸ்டிஎம் ஒன்றைத் தேடுங்கள். 250இல் கூர்மையாக வந்த படத்தை வெட்டிப் பெரிதாக்கலாம், 300இல் மங்கிய படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

நிக்கானில் வேறொரு சிக்கல். ஏஎஃப்-பி டிஎக்ஸ் 70–300 இரண்டு வகை. பெயரில் 'விஆர்' இருப்பதுதான் நடுக்கம் அடக்கும். டி90, டி3100, டி3200 போன்ற பழைய கமராக்களில் இந்த ஏஎஃப்-பி லென்ஸ்கள் போகஸே ஆகாது. கமராவைக் கையோடு கொண்டுபோய்ப் பூட்டிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

லென்ஸுக்கும் கமராவுக்கும் நடுவே '2எக்ஸ்' கன்வேட்டர் பூட்டி 300ஐ 600 ஆக்கலாம் என்பார்கள். துவாரத்தின் அளவான எஃப் 5.6 அப்போது எஃப் 11 ஆகிவிடும், வெளிச்சம் நான்கில் ஒன்று. பெரும்பாலான டிஎஸ்எல்ஆர்களில் ஓட்டோ போகஸும் கைவிட்டுவிடும்.

கல்லோயாவில் சேனாநாயக்க சமுத்திரம் என்ற பெரிய குளத்தில் படகில் போய்த்தான் யானை பார்ப்பது. அங்கே முக்காலியைக் கொண்டுபோனால் இயந்திரத்தின் அதிர்வு முழுவதும் கால் வழியே கமராவுக்கு ஏறும். இரண்டு கிலோ வரும் 150–600ஐக் கையில் தூக்கிப் பிடித்தால் பத்து நிமிடத்தில் தோள் பேசத் தொடங்கும். ஐஎஸ் உள்ள சிறிய லென்ஸ்தான் படகுக்கு வசதி. ஆனால் ஐஎஸ் உங்கள் கையைத்தான் அடக்கும், பறவையின் சிறகை அல்ல. பறக்கும் கொக்குக்கு 1/1000 செக்கனுக்குக் குறையாத ஷட்டர் வேகம் வேண்டும்.

நமது ஊரில் ஆகப் பெரிய நட்டம் பூஞ்சணத்தால்தான் வருகிறது. வாவியும் கடலும் இரண்டு பக்கமும், மாரியில் அலுமாரிக்குள் சேலையே மணக்கும், லென்ஸ் தப்புமா? பாவித்தது வாங்கும்போது இரண்டு மூடிகளையும் கழற்றி, போன் ரோச்சைப் பின்பக்கத்தால் சரித்துப் பிடித்து முன்பக்கத்தால் பாருங்கள். சிறு புள்ளிகள் தூசு, கவலை வேண்டாம். சிலந்தி வலை மாதிரியோ வேர் மாதிரியோ கிளை பிரிந்திருந்தால் பூஞ்சணம். கண்ணாடியில் மூச்சு விட்டதுபோல ஒரே மங்கலாக இருந்தால் அதுவும் வேண்டாம். பூட்டும் வளையத்தின் ஆணிகளில் துரு இருந்தால் உப்புக்காற்று உள்ளேயும் போயிருக்கலாம். "துடைத்தால் போய்விடும்" என்று விற்பவர் சொல்வார். பூஞ்சணம் கண்ணாடியின் மேற்பூச்சைத் தின்றிருந்தால் தழும்பு போகாது. வாங்கிய பிறகு தோல் பையில் அடைத்து வைக்காமல், காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள்.

புது லென்ஸை நண்பகலில் அக்கரைக் கொக்கைக் குறிவைத்துச் சோதித்துவிட்டு, "கூர்மை இல்லை" என்று திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு. வெயில் ஏறியதும் வாவிக்கு மேலே காற்று நெளியும். எந்த லென்ஸாலும் அதை வெட்ட முடியாது. காலை ஏழு மணிக்கு முற்றத்துத் தென்னையில் இருக்கும் காகத்தைப் பத்து மீட்டரிலிருந்து எடுத்துப் பாருங்கள். கண்ணைச் சுற்றியுள்ள சிறு இறகுகள் தனித்தனியாகத் தெரிந்தால் லென்ஸில் பிழை இல்லை.