முதல் சிங்கிள் (தனியாக வெளியிடும் ஒரு பாட்டு) போடப் போகிறீர்களா? மழைக்கு முன்னாடி பாடி முடித்துவிடுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு ஸ்டூடியோ என்றால் ஈப்போதான். அங்கே மணிக்கணக்குப் பார்த்துக் காசு வாங்குவார்கள், புதிதாகப் பாடுகிறவனுக்குக் கடிகாரத்தைப் பார்த்தாலே தொண்டை அடைத்துக்கொள்ளும். என் மூன்று பாட்டையும் நான் வீட்டில், அம்மாவின் துணி அலமாரிக்கு முன்னால் நின்றுதான் பாடினேன். அதே வழியை இங்கே சொல்கிறேன்.

1. பல்லவியை முதலில் பிடியுங்கள்

மெட்டு வந்தவுடன் கைப்பேசியில் முனகிப் பதிந்துவிடுங்கள். காலையில் ஞாபகம் இருக்கும் என்று நம்பித் தூங்கினால் போச்சு. பல்லவி சீக்கிரம் வரட்டும். ஸ்பாட்டிஃபை என்ற பாட்டுச் செயலியில் 30 விநாடி கேட்டால்தான் ஒரு முறை கேட்டதாகக் கணக்கு. என் முதல் பாட்டில் புல்லாங்குழல் மட்டுமே 40 விநாடி ஓடும், பாடுகிற ஆள் வருவதற்குள் கேட்கிறவர் போய்விடுவார்.

ஒரு சோதனை: வீட்டில் யாராவது வேலையாக இருக்கும்போது பல்லவியை இரண்டு தடவை பாடிவிட்டு நகர்ந்துவிடுங்கள். மறுநாள் பாத்திரம் கழுவும்போது அத்தை அதை முணுமுணுத்தால் சரி. இல்லையென்றால் வரியைச் சுருக்குங்கள்.

2. பீட் (பாட்டின் பின்னணி இசை) யாருடையது?

இணையத்தில் ‘இலவச பீட்’ என்று இருந்ததை எடுத்து இரண்டாவது பாட்டைப் பாடினேன். வெளியிட்ட மூன்றாம் நாளே யூடியூபில் உரிமைக் கோரிக்கை வந்து நின்றது. அதே பீட்டை இன்னொருவர் காசு கொடுத்து வாங்கியிருந்தார். இலவசம் என்றது பாடிப் பழகுவதற்குத்தான், விற்பதற்கு இல்லை என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருந்ததை நான் படிக்கவில்லை. நீங்கள் படியுங்கள். நண்பன் இசை அமைத்தால் மெட்டு யார், வரிகள் யார், ஆளுக்கு எத்தனை விழுக்காடு என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

3. குரல் பதிவு

நேரத்தை இங்கே செலவழியுங்கள். மற்றதைப் பிறகு சரிசெய்யலாம், அழுக்கோடு பதிந்த குரலை யாராலும் முழுதாகத் துவைத்தெடுக்க முடியாது.

எங்கள் ஊரில் பிற்பகல் மழை தகரக் கூரையில் விழுந்தால் பக்கத்தில் பேசுவதுகூடக் கேட்காது. அதனால் காலை பத்து மணி வாக்கில் பாடிவிடுங்கள். காற்றாடி, ஏர்கான் இரண்டையும் நிறுத்துங்கள். கோயில் திருவிழா வாரத்தில் ஆரம்பிக்கவே வேண்டாம், ஒலிபெருக்கியும் உறுமியும் உங்கள் பாட்டில் இலவசமாக வாசித்துவிட்டுப் போகும்.

அலமாரிக் கதவைத் திறந்து, தொங்கும் புடவைகளுக்கு முன்னால் மைக்கை வையுங்கள். முகம் புடவைகளைப் பார்த்து இருக்கட்டும், முதுகுக்குப் பின்னால் ஒரு கனமான போர்வையைக் கட்டுங்கள். கைதட்டிப் பாருங்கள், ‘டங்’ என்று திரும்பி வந்தால் இன்னொரு போர்வை தேவை. வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் தூரம். நடுவில் பாப் ஃபில்டர் (வாய்க்காற்றைத் தடுக்கும் மெல்லிய திரை) இல்லாவிட்டால் ‘ப’ வரும் இடமெல்லாம் வெடிக்கும். பூவேலைப்பாடு செய்யும் வளையத்தில் பழைய மெல்லிய காலுறையை இழுத்துக் கட்டினாலும் போதும். கண்டென்சர் மைக் (மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும் வகை) வாங்கினால் இன்டர்ஃபேஸில், அதாவது மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டியில், 48 வோல்ட் பொத்தானை அழுத்த மறக்காதீர்கள்; நான் அரை மணி நேரம் மைக் கெட்டுப்போச்சு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். யுஎஸ்பி மைக்குக்கு அந்தத் தொல்லை இல்லை.

பதிவை 24 பிட்டில் வையுங்கள். மிக உரத்துப் பாடும் இடத்தில்கூட மீட்டர் மைனஸ் 10 டெசிபல் பக்கம் நிற்கட்டும், சிவப்பைத் தொடக் கூடாது. ஹெட்போனில் ஒரு காதைக் கொஞ்சம் விலக்கிக்கொண்டால் சுருதி நிற்கும். பாடும் முன் தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) குடிக்காதீர்கள். பால் வாயில் ஒட்டி, வரிக்கு வரி ‘சப்சப்’ என்று கேட்கும்.

முழுப் பாட்டையும் நான்கைந்து தடவை பாடி, ஒவ்வொரு வரிக்கும் நல்லதைப் பொறுக்குங்கள். பல்லவியை மட்டும் இன்னொரு முறை பாடி அடியில் மெல்ல வைத்தால் குரல் தடிக்கும்.

4. மிக்ஸ் (குரலையும் இசையையும் சேர்த்துச் சமன்செய்வது)

குரலில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை வெட்டிவிடுங்கள், பெரும்பாலும் அது லாரி சத்தம்தான். அப்புறம் கைப்பேசி ஸ்பீக்கரில் ஒரு தடவை, நண்பனின் மைவி காரில் ஒரு தடவை கேளுங்கள். பின்னால் வூஃபர் வைத்த காரில் பேஸ் (அடித்தொனி) வார்த்தைகளை விழுங்கினால் பேஸைக் குறையுங்கள். சத்தத்தைத் தள்ளி ஏற்றவும் வேண்டாம், ஸ்பாட்டிஃபை எப்படியும் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் உரப்பின் அளவு) அளவுக்கு இறக்கிவிடும்.

5. வெளியீடு

ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களில் நாமே நேரடியாக ஏற்ற முடியாது, விநியோக நிறுவனம் ஒன்றின் வழியாகத்தான் போகவேண்டும். வேவ் கோப்பு (சுருக்கப்படாத ஒலிக்கோப்பு), 3000க்கு 3000 பிக்சல் அட்டைப் படம் இரண்டும் தயாராக இருக்கட்டும். பாட்டுப் பதிவை அடையாளம் காட்டும், எழுத்தும் எண்ணுமாக 12 இடங்கள் கொண்ட ஐஎஸ்ஆர்சி குறியீட்டைப் பெரும்பாலும் அவர்களே தருவார்கள். உங்கள் பெயரை எங்கும் ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதுங்கள். தேதியை மூன்று, நான்கு வாரம் தள்ளி வையுங்கள். ஸ்பாட்டிஃபையின் பாட்டுப் பட்டியல்களில் சேர்க்கச் சொல்லிப் பாட்டை முன்மொழியக் குறைந்தது ஏழு நாளாவது வேண்டும். மின்னல் பண்பலை, ராகா ஆகிய தமிழ் வானொலிகளுக்கு அனுப்பும்போது வரிகளையும் சேர்த்து அனுப்புங்கள். தீபாவளிப் பாட்டென்றால் ஆகஸ்டிலேயே முடித்துவிடுவது நல்லது. பாடலாசிரியர், இசையமைப்பாளர் உரிமைத் தொகைக்கு, அதை வசூலித்துத் தரும் மலேசிய அமைப்பான எம்ஏசிபியில் பதியலாம்.

6. வரவேற்பு

2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 முறையாவது ஓடினால்தான் பணம். அதனால் முதல் மாதம் காசை எதிர்பார்க்காமல், உங்கள் பாட்டுக்கு யூடியூப் காட்டும் பார்வையாளர் வரைபடத்தில் எந்த விநாடியில் ஆட்கள் கிளம்புகிறார்கள் என்று பாருங்கள். எனக்கு இரண்டாவது சரணத்தில் கிளம்பினார்கள். அடுத்த பாட்டில் அந்தச் சரணமே கிடையாது.

ஊரில் வரவேற்பு வேறு மாதிரி வரும். மூன்றாவது பாட்டு வந்த சமயம், மண்டபத்தில் ஒரு கல்யாணம். டிஜே அண்ணன் கூப்பிட்டு, “தம்பி, பொண்ணோட அண்ணன் உன் பாட்ட மேடையில பாடணுமாம், கரோக்கே இருக்கா?” என்றார். இல்லை. மடிக்கணினியும் அதற்குள் பழுதாகியிருந்தது. மிக்ஸ் முடித்த அன்றைக்கே குரலில்லாத டிராக்கையும் தனியாக எடுத்து, வேறொரு டிரைவில் போட்டு வையுங்கள்.