சிங்க் கழிவுநீர் லைன் ரிப்பேர்: எந்த பைப் வாங்குவது, எப்படி இணைப்பது?

சிங்க்கிலிருந்து வெளியே போகும் லைனில் ஒரு எல்போ (பைப் திரும்பும் இடத்தில் போடும் வளைவுத் துண்டு) விரிசல் விட்டு ஒழுகுகிறது என்று வைத்துக்கொள்வோம். புது எல்போவும் ஒரு டின் சொல்யூஷனும் வாங்கி ஒட்டினால் வேலை முடிந்தது என்றுதான் தோன்றும். ஆனால் பலருக்கு அதே இடம் மறுபடி ஒழுகும். கை சரியில்லை என்று நினைக்க வேண்டாம். சொல்யூஷனில் ஒட்டவே ஒட்டாத பிளாஸ்டிக்காக இருந்திருக்கும், இல்லாவிட்டால் அளவு அரை நூல் மாறியிருக்கும். இந்த இரண்டையும் கடைக்குப் போவதற்கு முன்பே பார்த்துவிடலாம்.

1. என்ன பிளாஸ்டிக் என்று பாருங்கள்

சுவரோரமாக ஓடும் சாம்பல் நிற பைப் பெரும்பாலும் யூபிவிசி, அதாவது கெட்டியான பிவிசி. சிங்க்குக்கு அடியில் இருக்கும் வெள்ளை பாட்டில் டிராப் (நாற்றம் மேலே வராமல் தண்ணீரைத் தேக்கி வைக்கும் கிண்ணம்) பல வீடுகளில் பாலிப்ரொப்பிலீன். கறுப்பு பைப் எச்டிபிஇ என்ற பாலித்தீன் வகையாக இருக்கலாம். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். சுலபமான சோதனை ஒன்று இருக்கிறது. பழைய துண்டில் நகக்கண் அளவு சீவி ஒரு டம்ளர் தண்ணீரில் போடுங்கள். காற்றுக்குமிழி ஒட்டியிருக்கும், அதனால் விரலால் ஒருமுறை நன்றாக அமுக்கி விடுங்கள். பிவிசி தண்ணீரைவிடக் கனமானது, நேராக அடியில் போய் உட்காரும். பாலிப்ரொப்பிலீனும் எச்டிபிஇ-யும் மேலே வந்து மிதக்கும்.

இது ஏன் முக்கியம் என்றால், சொல்யூஷன் என்று நாம் கேட்டு வாங்கும் சால்வென்ட் சிமெண்ட் சாதாரணப் பசை கிடையாது. பிவிசியைக் கரைக்கும் திரவத்தில் கொஞ்சம் பிவிசியையே கலந்து வைத்திருக்கிறார்கள். அது பைப்பின் வெளிப்புறத்தையும் சாக்கெட்டின் (பைப் நுழையும் வாய்) உட்புறத்தையும் இளக வைக்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று கலந்து, திரவம் ஆவியானதும் ஒரே பிளாஸ்டிக்காக இறுகிவிடுகிறது. மிதக்கும் பிளாஸ்டிக்கை இந்தத் திரவம் கரைக்காது. மேலே காய்ந்து, பிறகு தோலாக உரிந்து வரும். அப்படிப்பட்ட பொருளுக்கு நட்டும் வாஷரும், அல்லது ரப்பர் ரிங்தான் வழி.

பழைய வீடுகளில் சிமெண்ட் போலத் தெரியும் ஆஸ்பெஸ்டாஸ் குழாய் இருக்கலாம். அதை நீங்களே அறுக்காதீர்கள். அந்தத் தூசி நுரையீரல் புற்றுநோய் வரை கொண்டுபோகும்.

2. அளவை மில்லிமீட்டரில் கேளுங்கள்

கடையில் "ஒன்றரை இஞ்ச்" என்று கேட்டால் இரண்டு விதமான பைப் வரலாம். கழிவுநீருக்கான எஸ்டபிள்யூஆர் பைப்பின் வெளிவிட்டம் 50 மி.மீ. மேல்தொட்டி லைனுக்குப் போடும் ஷெட்யூல் 40 பிளம்பிங் பைப்பில் அதே ஒன்றரை இஞ்ச் 48.3 மி.மீ. எஸ்டபிள்யூஆர் எல்போவுக்குள் பிளம்பிங் பைப்பை நுழைத்தால் 1.7 மி.மீ. லொடலொடக்கும். அந்த இடைவெளியைச் சொல்யூஷன் அடைக்காது. வெட்டி எடுத்த பழைய துண்டைக் கையோடு கொண்டுபோய் அதிலேயே பொருத்திப் பார்த்து வாங்குவது எல்லாவற்றையும்விட நல்லது.

எஸ்டபிள்யூஆர் பைப்பில் ஐஎஸ் 13592 என்ற இந்தியத் தர எண்ணும், டைப் ஏ அல்லது டைப் பி என்றும் அச்சிட்டிருக்கும். ஏ மழைநீருக்கும் காற்றுப்போக்குக்கும். பி கழிவுநீருக்கும் மலக்குழாய்க்கும். 110 மி.மீ. பைப்பில் ஏ-யின் சுவர் 2.2 மி.மீ., பி-யின் சுவர் 3.2 மி.மீ. விலையைப் பார்த்து ஏ எடுக்காதீர்கள். சுவருக்குள் புதைக்கப் போகிற பைப்பில் மிச்சம் பிடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

3. வெட்டுவதும் சீவுவதும்

ஹேக்சா பிளேடால் நேராக வெட்ட வேண்டும். ஒரு காகிதத்தை பைப்பைச் சுற்றி விளிம்போடு விளிம்பு சேர்த்து, அதன் ஓரமாகக் கோடு போட்டால் கோணல் வராது. உள்ளே தொங்கும் பிசிறுகளைக் கத்தியால் எடுத்துவிடுங்கள். சோற்றுப் பருக்கையும் முடியும் முதலில் சிக்குவது அங்கேதான். வெளி விளிம்பை அரத்தால் லேசாகச் சரித்துவிடுங்கள். கூர்மையாக விட்டால் உள்ளே போகும்போது சொல்யூஷனை வழித்துத் தள்ளிவிடும்.

4. சொல்யூஷன் போடாமல் ஒருமுறை

பைப்பைச் சாக்கெட்டில் சும்மா நுழைத்துப் பாருங்கள். மூன்றில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை போய் இறுக வேண்டும். தடையில்லாமல் அடிவரை போய் ஆடினால் அளவு சரியில்லை. எல்போ எந்தப் பக்கம் திரும்ப வேண்டுமோ அப்படி வைத்து, இரண்டின் மேலும் சேர்த்து மார்க்கரில் ஒரு கோடு போடுங்கள். அப்புறம் கோணத்தைத் தேட நேரம் இருக்காது.

5. ஒட்டுவது

உப்புத்தாளால் பளபளப்பு போகத் தேய்த்து, காய்ந்த துணியால் துடையுங்கள். ஈரம் துளிகூட இருக்கக் கூடாது. சிங்க்குக்குத் தண்ணீர் வரும் குழாயை மூடிவிட்டு, யாரும் திறக்காதபடி வீட்டில் சொல்லிவிடுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், அடுப்பு அணைந்திருக்கட்டும். இந்தத் திரவத்தின் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும்.

சாக்கெட்டின் உள்ளே மெல்லிய பூச்சு, பைப்பின் மேல் தாராளமான பூச்சு. உள்ளே அதிகம் பூசினால் வழிந்து பைப்புக்குள் தேங்கும். பூச்சு காயும் முன், மார்க்கர் கோடு கால் சுற்று தள்ளியிருக்கும்படி நுழைத்து, அடிவரை அழுத்திக்கொண்டே திருப்பிக் கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். அரை நிமிடம் கையை எடுக்காதீர்கள். விட்டால் பைப் மெல்லப் பின்வாங்கும். விளிம்பைச் சுற்றி முழு வளையமாகச் சிறிய திரள் தெரிந்தால் பூச்சு சரி. எங்காவது அறுந்திருந்தால் அங்கே சந்தேகம்தான். சித்திரை வெயிலில் பூசியது நொடியில் வறண்டுவிடும், அதனால் காலையிலேயே நிழலில் வேலையை முடியுங்கள். டின்னில் கெட்டியாகிப் போனதில் தின்னர் ஊற்றி இளக்காதீர்கள்.

6. இரண்டு பக்கமும் அசையாத பைப் என்றால்

அங்கே ரப்பர் ரிங் உள்ள ரிப்பேர் கப்ளர் (இரண்டு பைப்பைச் சேர்க்கும் துண்டு) கேளுங்கள். நடுவில் தடுப்பு இல்லாததால் ஒரு பைப்பின் மேல் முழுக்க ஏற்றிவிட்டு, புதுத் துண்டை வைத்து, பாதி தூரம் திரும்ப இழுக்கலாம். ரிங்குக்குச் சோப்புத் தண்ணீர் போதும். எண்ணெயும் கிரீஸும் சில ரப்பரைக் கெடுக்கும். சாதாரண ரிங் சாக்கெட்டில் பைப்பை அடிவரை தள்ளி, பிறகு 10 மி.மீ. வெளியே இழுத்து வையுங்கள். வெயில் படும் 3 மீட்டர் பைப், வெப்பம் 30 டிகிரி ஏறினால் 5 மி.மீ.க்கு மேல் நீளும். அதற்கு இடம் வேண்டும்.

7. வாட்டம், பிறகு சோதனை

50, 75 மி.மீ. பைப்புக்கு 40-க்கு 1 வாட்டம் வையுங்கள். அதாவது ஒரு மீட்டருக்கு இரண்டரை சென்டிமீட்டர் இறக்கம். ரசமட்டத்தால் பார்த்து, நடுவில் தொய்யாமல் கிளாம்ப் அடியுங்கள். சிங்க் ஹோஸைப் பெரிய பைப்பின் வாயில் சும்மா சொருகிவிட்டால் நாற்றமும் கரப்பானும் அந்த இடைவெளி வழியாக வரும். அங்கே ஒரு ரப்பர் சீல் போடுங்கள். பாட்டில் டிராப்பின் நட்டைக் கையால் இறுக்கினாலே போதும்.

ஒரு நாள் விட்டு, சிங்க்கை நிரப்பி ஒரே மூச்சில் திறந்து விடுங்கள். ஒவ்வொரு இணைப்பின் அடியிலும் காய்ந்த டிஷ்யூ காகிதத்தை ஒற்றிப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத கசிவும் தெரியும். கொதிக்கும் கஞ்சியை அப்படியே ஊற்றாதீர்கள். யூபிவிசி 80 டிகிரி வாக்கிலேயே நெகிழ்ந்துவிடும். பச்சைத் தண்ணீர் கலந்து ஊற்றுங்கள்.

ஏதாவது ஒரு இணைப்பு கசிந்தால் மேலே மறுபடி சொல்யூஷன் பூசிப் பயனில்லை, உள்ளே எதுவும் சேராது. வெட்டி எடுத்துப் புதிதாகப் போட வேண்டியதுதான். அதனால் எல்போவும் கப்ளரும் வாங்கும்போதே ஒவ்வொன்று கூடுதலாக வாங்கிவிடுங்கள்.