முகாம் மாலை வகுப்பு: பயந்த பிள்ளைக்குப் பாடம் சொல்லத் தொடங்குபவர்களுக்கு

இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்றில் மாலை வகுப்பு எடுக்கப் போகிறீர்களா? மாவட்ட நிர்வாகத்தின் அனுமதியை வாங்கிய கையோடு இதையும் படித்துவிடுங்கள். இதையெல்லாம் தலைகீழாகச் செய்து, பட்டுத் தெரிந்துகொண்டவன் நான்.

முதல் நாளே "உங்கள் ஊரைப் பற்றி எழுதுங்கள்" என்று சொல்லிவிட்டேன். ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி, முனை ஒடியும் வரை பென்சிலைத் தாளில் அழுத்திக்கொண்டே இருந்தாள். ஒரு சொல்லும் எழுதவில்லை. அடுத்த இரண்டு நாட்கள் வரவில்லை. நான்காம் நாள் அம்மாவின் முந்தானையைப் பிடித்தபடி வந்து வாசலிலேயே நின்றாள்.

முதல் படி: யார் வருகிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

1983 கலவரத்துக்குப் பின் அலை அலையாக வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இங்கேயே பிறந்தவர்கள். அவர்கள் போரைப் பார்த்ததில்லை. நூறு சதுர அடி வீடும், ஆள் கணக்கெடுப்பும், வீட்டுப் பெரியவர்களின் மௌனமும்தான் அவர்கள் பார்த்தவை. 2022 பொருளாதார நெருக்கடியில் வந்தவர்களின் கதை வேறு. அந்த மார்ச் மாதம் முதல் படகில் ஏறி வந்த குடும்பங்களில் சிலரை, தனுஷ்கோடிக் கரையின் முனையான அரிச்சல்முனை அருகே மணல் திட்டில் இறக்கிவிட்டுப் படகோட்டிகள் திரும்பிவிட்டார்கள். இந்த இரண்டு வகைப் பிள்ளைகளையும் ஒரே தராசில் நிறுக்காதீர்கள்.

இரண்டாம் படி: அடுத்து என்ன என்பதைச் சொல்லிவிடுங்கள்

வகுப்பில் மிக முக்கியமான வேலை இதுதான். பயம் பழகிய உடம்பு எப்போதும் காதைத் தீட்டிக்கொண்டே இருக்கும். கதவு படாரென்று சாத்தினால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் பெருக்கல் வாய்பாடு மண்டையில் ஏறாது. அதை முட்டாள்தனம் என்றோ திமிர் என்றோ நினைத்துத் திட்டினால் பயம் இரட்டிப்பாகும்.

எனவே கரும்பலகையின் ஓரத்தில் தினமும் நான்கு வரி எழுதுங்கள்: பாட்டு, கணக்கு, சுண்டல், கதை. முடிந்ததை ஒரு பிள்ளையே அடித்துவிடட்டும். வரிசையை மாற்ற வேண்டியிருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். கதவைத் திறந்தே வையுங்கள். வாசலைப் பார்த்து உட்கார விரும்பும் பிள்ளையை முன் வரிசைக்கு இழுக்காதீர்கள். பின்னாலிருந்து தோளைத் தொடாதீர்கள். மேசையைப் பிரம்பால் தட்டி அமைதிப்படுத்தும் பழக்கம் இருந்தால், பிரம்பை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். தீபாவளி நெருங்கும்போது வெடிச் சத்தம் வரும் என்று முதல் நாளே சொல்லிவையுங்கள்.

மூன்றாம் படி: கதை கேட்காதீர்கள்

"படகில் எப்படி வந்தீர்கள்?" என்று கேட்க நாக்கு துறுதுறுக்கும். கேட்காதீர்கள். பிள்ளை தானாகச் சொன்னால், செய்து கொண்டிருப்பதை நிறுத்திவிட்டுக் கேளுங்கள், தோண்டாதீர்கள். "சொன்னது நல்லதுதான் கண்ணா" என்று சொன்னால் போதும். கதையைப் படம் பிடித்துச் சமூக ஊடகத்தில் போடுபவர்களைப் பற்றி நான் எழுதினால் இந்தப் பக்கம் போதாது.

நான்காம் படி: உறைந்துபோன பிள்ளைக்கு

கூப்பிட்டாலும் திரும்பாமல் ஒரு பிள்ளை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தால், பக்கத்தில் தரையில் உட்காருங்கள். தணிந்த குரலில் பெயர் சொல்லி அழையுங்கள். "கண்ணில் படுகிற ஐந்து பொருளைச் சொல்லு, காதில் விழுகிற மூன்று சத்தத்தைச் சொல்லு" என்று கேளுங்கள். ஒரு வாய்த் தண்ணீர் கொடுங்கள். மற்ற பிள்ளைகளை வேடிக்கை பார்க்க விடாதீர்கள்.

ஐந்தாம் படி: அவர்கள் தமிழைத் திருத்தாதீர்கள்

புதிதாக வந்த பிள்ளை நாற்காலியைக் கதிரை என்பான், டீச்சர் என்பதை ரீச்சர் என்பான். வகுப்பு சிரித்தால் அவன் அன்றே வாயை மூடிக்கொள்வான். நான் பலகையில் நாற்காலி, கதிரை என்று இரண்டு சொற்களையும் எழுதினேன். கதிரை போர்த்துக்கீசியரிடமிருந்து வந்த சொல், நம் ஜன்னலைப் போலவே.

ஆறாம் படி: அம்மாவிடம் பத்து நிமிடம்

புகார்ப் பட்டியலோடு போகாதீர்கள். "இன்று பிள்ளை பாட்டுக்குத் தாளம் போட்டாள் அக்கா" என்று தொடங்குங்கள். எட்டு வயதில் மீண்டும் படுக்கையை நனைப்பதும், இரவில் அலறுவதும், காலைக் கட்டிக்கொண்டு விடாததும் பயத்தின் வேலை என்று அம்மாவுக்குத் தெரிந்தாலே பிள்ளைக்கு விழும் அடி பாதி குறையும். தினமும் ஒரே நேரத்தில் படுக்கவைக்கச் சொல்லுங்கள். கடன், விசாரணை பற்றிய பேச்சைப் பிள்ளை தூங்கிய பிறகு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பத்தடி வீட்டில் அது சுலபமில்லை, தெரியும். அம்மாவே தூங்கி எத்தனை நாளாயிற்று என்றும் கேளுங்கள்.

ஒரு மாதமாகியும் தூக்கமோ பேச்சோ திரும்பவில்லை என்றால் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். சாவு பற்றிப் பேசினால் அன்றே. 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் தமிழில் பேசலாம். குழந்தைக்கு ஆபத்து என்றால் குழந்தைகள் உதவி எண் 1098.

ஏழாம் படி: போகும்போது சொல்லிவிட்டுப் போங்கள்

இந்தப் பிள்ளைகளின் வாழ்க்கையில் ஆட்கள் சொல்லாமல் காணாமல் போயிருக்கிறார்கள். கடைசி வகுப்பு எந்தத் தேதி என்று இரண்டு வாரம் முன்பே பலகையில் எழுதுங்கள். நான் எழுதியதை ஒரு பையன் மூன்று முறை அழித்தான். மூன்று முறையும் திரும்ப எழுதினேன்.