செத்தவீட்டில் தீர்ப்பு எழுதாதீர்கள்: பாவம், தண்டனை பற்றி நாம் விடும் பிழைகள்

இறைத்தீர்ப்பு பற்றிக் கிறிஸ்தவம் என்ன சொல்கிறது என்று கேட்டால் இலங்கையின் வடக்கே வன்னியில் பெரும்பாலானோர் சரியாகவே பதில் சொல்வார்கள். பாவம் மனிதனைக் கடவுளிடமிருந்து பிரிக்கும். சாவுக்குப் பிறகு தீர்ப்பு உண்டு. கடைசி நாளில் கிறிஸ்து வந்து வாழ்வோருக்கும் இறந்தோருக்கும் தீர்ப்பளிப்பார். விசுவாசப் பிரமாணத்தில் ஞாயிறுதோறும் சொல்வதுதானே. இந்தப் படிப்பினையைத் தூக்கிக்கொண்டு இன்னொருவர் வீட்டுப் படலையைத் திறக்கும்போதுதான் பிழை தொடங்குகிறது.

எல்லாவற்றிலும் பெரிய பிழை, அழிவைப் பார்த்துப் பாவத்தைக் கணக்கிடுவது. 2004 டிசம்பர் 26, நத்தாருக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, சுனாமியில் முல்லைத்தீவுக் கரையைக் கடல் அள்ளிக்கொண்டு போனது. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தபோது, தப்பி வந்தவர்களில் ஆளை இழக்காத குடும்பம் அரிது. இரண்டுக்கும் பிறகு "பாவத்தின் சம்பளம் மரணம்" என்று சொன்னவர்கள் உண்டு. செபக்கூட்டங்களில் இப்போதும் அவ்வப்போது காதில் விழுகிறது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் இதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய், தான் செய்த எந்தப் பாவத்துக்குப் பிள்ளை போனது என்று தேடத் தொடங்குவாள். தேடினால் ஏதாவது அகப்படும். யாருக்குத்தான் அகப்படாது?

அந்த வசனத்தைச் சொல்கிறவர்கள் அதன் மறுபாதியையும் சொல்லவேண்டும். உரோமையர் 6:23 மரணத்தோடு முடிவதில்லை; கடவுள் இலவசமாகத் தரும் கொடையோ கிறிஸ்துவில் நிலைவாழ்வு என்று முடிகிறது. அந்தக் கடிதத்தை எழுதிய பவுல் அங்கே பேசுவது ஷெல் விழுந்து செத்தவரைப் பற்றியும் அல்ல, மனித குலம் முழுவதையும் பற்றி. அந்தச் சம்பளப் பட்டியலில் பிரசங்கியார் பெயரும் இருக்கிறது.

இயேசுவிடமே இந்தக் கேள்வி வந்தது. லூக்கா 13ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பலி செலுத்தப் போன கலிலேயர்களை உரோமை ஆளுநன் பிலாத்து கொன்றுவிட்ட செய்தியைச் சிலர் கொண்டுவருகிறார்கள். இயேசு, சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்த கதையையும் தானாகவே சேர்த்துக்கொள்கிறார். ஒன்று ஆட்சி செய்த கொலை, மற்றது எதிர்பாராமல் வந்த அழிவு. 2009உம் 2004உம் கண்ட சனத்துக்கு இதைவிட நெருக்கமான பகுதி சுவிசேஷத்தில் இருக்கமுடியாது. செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா? இரண்டுக்கும் "இல்லை" என்றுதான் பதில். பிறகு, நீங்கள் மனந்திரும்பாவிட்டால் நீங்களும் அழிவீர்கள் என்கிறார். இந்தக் கடைசி வரியை மட்டும் பிடுங்கி எடுத்துப் பயமுறுத்துகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. செத்தவர்கள் பக்கம் நீண்டிருந்த விரலை அவர் மடக்கி, செய்தி கொண்டுவந்தவர்கள் பக்கம் திருப்புகிறார். தீர்ப்பைப் பற்றிய பேச்சு பைபிளில் அநேகமாக இந்தப் பக்கம்தான் திரும்பும், கேட்டுக்கொண்டிருப்பவர் பக்கம்.

பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து நோயில் கிடந்த யோபுவின் நண்பர்கள் கதையும் தெரிந்ததுதான், ஆனால் அவர்கள் தொடக்கத்தில் சரியாக நடந்ததைப் பலர் மறந்துவிடுகிறோம். ஏழு பகலும் ஏழு இரவும் யோபுவோடு தரையில் இருந்தார்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை. துன்பம் என்றால் பாவம் இருந்தே ஆகவேண்டும் என்று விளக்க வந்தபோதுதான் கெட்டது. முடிவில், என்னைப் பற்றி நீங்கள் சரியாகப் பேசவில்லை என்று ஆண்டவர் அவர்கள்மேல்தான் சினக்கிறார். கேள்வி கேட்டுக் கத்திய யோபுவின்மேல் அல்ல.

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி உண்டு. எருசலேம் பாபிலோனியரிடம் விழுந்ததைத் தீர்ப்பு என்று இறைவாக்கினர்களே சொன்னார்களே? சொன்னார்கள்தான். எப்படிச் சொன்னார்கள் என்றும் பார்க்கவேண்டும். எரேமியா நகரம் விழுவதற்கு முன்பே எச்சரித்தார். அரசனையும் ஆலயத்தையும் ஏழையை நசுக்கியவர்களையும் நோக்கி, இன்ன பாவம் என்று முகத்துக்கு நேரே சொன்னார், அதற்காக அடியும் சிறையும் பட்டார். நகரம் விழுந்தபோது அதற்குள்தான் இருந்தார். அடித்தவனுக்கு நற்சான்றும் கொடுக்கவில்லை. பாபிலோனுக்கும் தீர்ப்பு உண்டு என்று அவருடைய நூலின் 50, 51ஆம் அதிகாரங்கள் முழுக்கச் சொல்கின்றன. அசீரியாவைக் கடவுளின் கோல் என்று அழைக்கும் எசாயா 10, அதே மூச்சில் அசீரியாவின் அகந்தைக்குத் தண்டனையும் கூறுகிறது. அழிவு முடிந்த பிறகு, வேறு நாட்டிலிருந்தோ வேறு மாவட்டத்திலிருந்தோ வந்து, அடிபட்டவனிடம் மட்டும் "உன் பாவம்" என்று சொல்வது இறைவாக்கு ஆகாது.

அடுத்த பிழை பரம்பரைச் சாபம். தாத்தா செய்த பாவம் பேரனைப் பிடித்திருக்கிறது, அதனால்தான் வேலை கிடைக்கவில்லை, கலியாணம் தள்ளிப்போகிறது, அதை முறிக்க விசேஷ செபம் வேண்டும் என்ற போதனை மீள்குடியேறிய ஊர்களில் நன்றாக விலைபோகிறது. ஆதாரமாகக் காட்டுவது விடுதலைப் பயணம் 20:5, மூன்றாம் நான்காம் தலைமுறை வரை தண்டிப்பது பற்றிய வரி. அடுத்த வரியை வாசிப்பதில்லை. இரக்கம் ஆயிரம் தலைமுறைக்கு என்று அது போகிறது. எசேக்கியேல் 18 இந்தப் பேச்சுக்கு நேரடியாகவே பதில் சொல்கிறது. தகப்பன்மார் புளித்த திராட்சை தின்றார்கள், பிள்ளைகளுக்குப் பல் கூசுகிறது என்ற பழமொழியை இனி நீங்கள் சொல்லக்கூடாது. பாவம் செய்தவரே அதற்குப் பொறுப்பு. எசேக்கியேல் இதை யாரிடம் சொன்னார் தெரியுமா? ஊரைவிட்டுப் பிடித்துக்கொண்டு போகப்பட்டு, பாபிலோன் நாட்டில் கெபார் ஆற்றோரம் குடியேற்றப்பட்டிருந்த சனத்திடம். போர் முடிந்தபோது இடம்பெயர்ந்தோர் அடைக்கப்பட்ட மெனிக்பாம் முகாமில் கூடாரத்தில் கிடந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அயலில் சைவச் சனத்தோடு கலந்து வாழ்கிறோம். முற்பிறவி வினை என்ற பேச்சு நம் வாயிலும் வந்துவிடும். அவர்களுடைய சமயத்தில் அதற்கென்று ஒரு முழு ஒழுங்கு இருக்கிறது. நாம் அதைப் பாதி எடுத்து நம் போதனையோடு ஒட்டினால் இரண்டுக்கும் மரியாதையில்லை. கிறிஸ்தவத்தில் மறுபிறவி கிடையாது. பிறவியிலேயே பார்வையில்லாதவரைக் காட்டி, இவர் செய்த பாவமா பெற்றோர் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்டபோது, இருவரும் அல்ல என்றார் இயேசு (யோவான் 9).

அப்படியானால் பாவத்துக்கு விளைவே இல்லையா என்றால், அதுவும் பிழை. விதைத்ததையே அறுப்பான் என்கிறது கலாத்தியர் 6:7. கசிப்பு என்ற கள்ளச்சாராயம் குடித்தால் ஈரல் பழுதாகும், வீடு குலையும். அதற்கு வானத்திலிருந்து இடி விழவேண்டியதில்லை. மன்னிப்புக் கிடைத்தவுடன் விளைவும் ஓடிப்போகும் என்று நினைக்கவும் வேண்டாம். இறைவாக்கினர் நாத்தான் முன்னால் அரசன் தாவீது தன் பாவத்தை ஒத்துக்கொண்டார், மன்னிப்பும் உடனே வந்தது, ஆனால் அவருடைய வீட்டில் கலகம் ஓயவில்லை. இதைச் சொல்லும்போது கவனமாகவும் இருக்கவேண்டும். தாவீதின் கதையில் விளைவு இன்னது என்று நாத்தானுக்குக் கடவுள் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரனின் நோய்க்குக் காரணம் இன்னது என்று நமக்கு யாரும் சொல்லவில்லை.

குருவிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்தை ரசீது மாதிரி வைத்துக்கொள்வதும் உண்டு. போர்க்காலத்தில் உறுதிப் பத்திரங்கள் தொலைந்த காணியைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்ட ஒருவர், பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டேன், கணக்கு முடிந்தது என்று சொல்லமுடியாது. திருச்சபையின் போதனை தெளிவானது: பாவமன்னிப்பு பாவத்தை நீக்கும், பாவம் உண்டாக்கிய சேதத்தைச் சரிசெய்யும் கடமை செய்தவரிடமே இருக்கும். எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். சுவிசேஷத்தில் வரும் வரி வசூலிப்பவர் சக்கேயு, ஏய்த்து எடுத்ததை நான்கு மடங்காகத் தருகிறேன் என்றார். காணி உறுதியைத் திருப்பிக் கொடுத்தாலே இங்கே பெரிய காரியம்.

இதே கிளையில் இன்னொன்று: எல்லாவற்றையும் ஆண்டவரின் தீர்ப்புக்கு விட்டுவிடுங்கள், கேள்வி கேட்காதீர்கள் என்று பாதிக்கப்பட்டவர்களிடம் சொல்வது. பழிவாங்குவது எனக்குரியது என்று ஆண்டவர் சொன்னது, நாம் கத்தியைத் தூக்காமல் இருக்க. வாயை மூட அல்ல. லூக்கா 18இல் ஒரு கைம்பெண், நேர்மையில்லாத நடுவனிடம் திரும்பத் திரும்பப் போய் எனக்கு நீதி வழங்கும் என்று கேட்கிறாள். இயேசு அவளை அடக்கவில்லை, செபத்துக்கே முன்மாதிரியாக நிறுத்துகிறார். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்காக 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி வீதியோரம் குந்திய தாய்மார் அந்தக் கைம்பெண்ணின் வரிசையில்தான் நிற்கிறார்கள். அவர்களுக்குத் தீர்ப்பு நாள் என்பது பயமுறுத்தல் இல்லை. எந்த ஆவணத்தையும் யாரும் மறைக்கமுடியாத ஒரு நாள் வரும் என்ற நம்பிக்கை அது.

முடிவு நாள் இன்ன ஆண்டு என்று கணக்குப்போட்டுத் துண்டுப்பிரசுரம் கொடுப்பவர்களைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. அந்த நாளும் நேரமும் தந்தைக்கு மட்டுமே தெரியும் (மத்தேயு 24:36). அதற்கு அடுத்த அதிகாரத்தில் தீர்ப்பின் கேள்விகளே வந்துவிடுகின்றன: பசித்தவனுக்குச் சாப்பாடு கொடுத்தாயா, சிறையில் இருந்தவனைப் போய்ப் பார்த்தாயா. விடை தெரியாத ஆண்டைத் தேடுவதைவிட, வெளிவந்துவிட்ட கேள்விகளைப் படிப்பது புத்தி.

திருமுழுக்குப் பெறாமல் செத்த கைக்குழந்தைகளைப் பற்றி இன்னும் சிலர் கடுமையாகப் பேசுகிறார்கள். போரின் கடைசி மாதங்களில் பதுங்குகுழிக்குள் பிறந்து பதுங்குகுழிக்குள் போன பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களின் தாய்மார் இதைக் கேட்கக்கூடாது. கத்தோலிக்க மறைக்கல்வி அந்தக் குழந்தைகளைக் கடவுளின் இரக்கத்திடம் ஒப்படைக்கிறது. 2007இல் வத்திக்கானின் பன்னாட்டு இறையியல் குழுவும் அவர்களின் மீட்பில் நம்பிக்கை வைக்கக் காரணங்கள் உண்டு என்று எழுதியது. தன்னுயிரை மாய்த்துக்கொண்டவர் நேரே நரகம் என்பதும் திருச்சபையின் போதனை இல்லை. மனத்தின் பாரம் பொறுப்பைக் குறைக்கும் என்றும், அவர்களுடைய மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக்கூடாது என்றும் மறைக்கல்வி சொல்கிறது. 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பில், வேண்டுமென்றே உயிரை மாய்த்துக்கொண்டவருக்குத் திருச்சபை அடக்கம் மறுக்கப்பட்டிருந்தது. 1983ஆம் ஆண்டுத் தொகுப்பில் அந்தத் தடை இல்லை. அவர்களைச் சேமக்காலையில், அதாவது கல்லறைத் தோட்டத்தில், மூலைக்குத் தள்ளவேண்டும் என்று வாதாடுகிறவர்கள் பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு பேசுகிறார்கள்.

கடைசியாக, இறந்த ஆன்மாக்கள் விண்ணகம் சேருமுன் தூய்மையாகும் நிலையான உத்தரிக்கிற ஸ்தலம். கத்தோலிக்கர் பலர் அதைச் சின்ன நரகம் என்றோ, தோற்றவர்களுக்கு இரண்டாம் தடவை எழுதும் சோதனை என்றோ எண்ணுகிறார்கள். இரண்டுமே இல்லை. அங்கே இருப்பவர்கள் மீட்புக்கு உறுதியானவர்கள், தூய்மையாகிக்கொண்டிருப்பவர்கள். அவர்களுக்காகத்தான் பூசை ஒப்புக்கொடுக்கிறோம். புரொட்டஸ்தாந்து சபைகள் இதை ஏற்பதில்லை, மரித்தோருக்கான செபத்துக்கு ஆதாரமான இரண்டாம் மக்கபேயர் நூலும் அவர்களுடைய பைபிளில் இல்லை. ஒரே குடும்பத்தில் அண்ணன் கத்தோலிக்கம், தங்கை பெந்தகோஸ்து என்று இருக்கும் வீடுகள் இங்கே நிறைய, செத்தவருக்கான 31ஆம் நாள் பூசை வரும்போது சண்டையும் வரும். 16ஆம் நூற்றாண்டில் தொடங்கிய வழக்கு, முற்றத்துக் கொட்டகைக்குள் தீராது. பூசைக்கு வர மனமில்லாதவர் அடுப்படியில் தேத்தண்ணீர் ஊற்றுகிற வேலையைப் பொறுப்பெடுக்கலாம். அதற்கு எப்போதும் ஆள் குறைவு.