முதல் டிஎஸ்எல்ஆர் வாங்கப் போகிறீர்களா? டார்ச் லைட்டை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்

தைப்பூசத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போதே என் வாட்சப்பில் ஆரம்பித்துவிடும். "அண்ணே, முதல் கேமரா வாங்கப் போறேன், எது நல்லது?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி விரல் தேய்ந்துவிட்டது. இனிமேல் கேட்பவர்களுக்கு இந்தப் பக்கத்தின் லிங்க்தான்.

கேட்பவர்களில் பாதிப் பேர் கல்லூரியில் படிக்கிறார்கள். மீதிப் பேர் சொந்தக்காரர் கல்யாணத்தில் படம் எடுத்துப் பழக நினைப்பவர்கள். யார் கையிலும் காசு கொட்டிக் கிடக்கவில்லை. அந்தக் கணக்கில்தான் எழுதியிருக்கிறேன். அப்பர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ என்றால் என்னவென்று இங்கே விளக்கவில்லை, அதற்கு யூடியூப் இருக்கிறது.

இந்தக் காலத்தில் டிஎஸ்எல்ஆரா?

வாங்கலாம், ஆனால் செகண்ட் ஹேண்டாக. கேனனும் நைக்கானும் மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத புது ரகக் கேமரா) பக்கம் போய்விட்டன. இருவருடைய கடைசிப் பெரிய டிஎஸ்எல்ஆர்களும் (1டி எக்ஸ் மார்க் 3, டி6) 2020இல் வந்தவை. பென்டாக்ஸ் இன்னும் விடாப்பிடியாக நிற்கிறது, ஆனால் பினாங்கில் அதற்கு லென்ஸ் தேடி அலைய என்னால் முடியாது. பழைய ஆட்கள் எல்லாம் மிரர்லெஸ்ஸுக்கு மாறுவதால் முடா, கெரவ்செல் மாதிரி பழைய பொருள் விற்கும் தளங்களிலும் பேஸ்புக் மார்க்கெட்பிளேஸிலும் நல்ல டிஎஸ்எல்ஆர் செட்டுகள் மலிவாக வருகின்றன. நமக்கு லாபம்.

பேட்டரியும் நன்றாக நிற்கும். நைக்கான் டி3500 ஒரு முழு சார்ஜில் 1,550 படம் எடுக்கும் என்பது கம்பெனிக் கணக்கு. தைப்பூசத் தேர் கிளம்பியதிலிருந்து தண்ணீர்மலைக் கோயில் போய்ச் சேரும்வரை கூடவே நடப்பவர்களுக்கு இது பெரிய விஷயம்.

உங்களுக்கு முக்கியமாக வீடியோதான் வேண்டுமென்றால் மேலே படிக்க வேண்டாம். காசு சேர்த்து மிரர்லெஸ் வாங்குங்கள்.

படி 1: முதலில் லென்ஸ், அப்புறம்தான் பாடி

கடைக்குப் போனதும் எல்லாரும் பாடியைத்தான் (லென்ஸ் இல்லாத கேமரா உடல்) தூக்கிப் பார்ப்பார்கள். நீங்கள் அதைத் தள்ளி வைத்துவிட்டு, எதைப் படம் எடுக்கப் போகிறோம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

கோயில் உள்ளே, இரவுத் தேர், கல்யாண மண்டபம். நம் ஆட்கள் எடுக்கும் படங்களில் முக்கால்வாசி வெளிச்சம் குறைந்த இடங்கள்தான். கேமராவோடு வரும் 18-55 லென்ஸை (கிட் லென்ஸ்) 55க்கு இழுத்தால் அதன் வாய் எஃப் 5.6க்கு மேல் திறக்காது. எஃப் 1.8 லென்ஸ் அதைவிடக் கிட்டத்தட்ட 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். 1.8 லென்ஸில் 1/125 விநாடியில் எடுக்கிற படத்துக்கு, கிட் லென்ஸில் ஏறக்குறைய 1/13 விநாடி தேவைப்படும். காவடி ஆடுகிறவரை 1/13இல் எடுத்தால் ஆளே தெரியாது, கலர் தீற்றல்தான் மிஞ்சும். லென்ஸில் ஐஎஸ், விஆர் என்று எழுதியிருந்தாலும் அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் அடக்கும், ஆடுகிறவரை அடக்காது.

அதனால் என் முதல் சிபாரிசு, ஜூம் இல்லாத ஒரு பிரைம் லென்ஸ். எந்த பிரைம்?

எல்லாரும் 50 எம்எம் என்பார்கள். ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆர்களின் சென்சார் சின்னது. அதில் 50 எம்எம் மாட்டினால் நைக்கானில் 75 எம்எம் மாதிரியும் கேனனில் 80 எம்எம் மாதிரியும் நெருக்கிக் காட்டும். பினாங்கு லெபோ பசார் அஞ்சடியில் (கடை வாசல் நடைபாதை) நின்று ஒரு பூக்கடையை முழுசாக எடுக்கப் பின்னால் நகர்ந்துகொண்டே போனால் நடுரோட்டில் போய் நிற்பீர்கள்.

நைக்கான் ஆட்களுக்குப் பதில் சுலபம்: ஏஎஃப்-எஸ் டிஎக்ஸ் 35 எம்எம் எஃப் 1.8ஜி. 2009இல் வந்தது, செகண்ட் ஹேண்டில் நிறையக் கிடைக்கும். கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் (வாங்கிய பிறகு மூடுங்கள், படி 4ஐப் படிக்காமல் மூடாதீர்கள்). கேனனில் இதற்கு நேரான மலிவு லென்ஸ் இல்லை. 24 எம்எம் எஃப் 2.8 எஸ்டிஎம் அகலமாகக் காட்டும், ஆனால் வெளிச்சம் குறைவு. 50 எம்எம் எஃப் 1.8 எஸ்டிஎம் வெளிச்சம் அதிகம், ஆனால் நெருக்கம். தெருப் படம் என்றால் 24, முகங்கள் என்றால் 50. இரண்டையும் சேர்த்து வாங்கினாலும் பெரிய ஜூம் ஒன்றின் விலை வராது.

கிட் லென்ஸைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. பாடியோடு வந்தால் வைத்துக்கொள்ளுங்கள், பகலுக்கு ஆகும். கேனன் 18-55இல் மட்டும் "ஐஎஸ்" என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாத ரகமும் சுற்றுகிறது. கல்யாண வேலைக்குத்தான் வாங்குகிறேன் என்பவர்கள் சிக்மா 17-50 எஃப் 2.8ஐத் தேடலாம். டெலி ஜூமுக்கு அவசரமே இல்லை.

படி 2: லென்ஸ் மேலே இருக்கும் எழுத்துகள்

இங்கேதான் நிறையப் பேர் காசை விடுகிறார்கள், குறிப்பாக நைக்கான் வாங்குபவர்கள்.

கேனனில் தொல்லை குறைவு. 1987இல் வந்த ஈஎஃப் லென்ஸ்கள் முதல் எல்லாவற்றிலும் ஃபோகஸ் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது. நைக்கானில் பழைய ஏஎஃப், ஏஎஃப்-டி லென்ஸ்களுக்கு உள்ளே மோட்டார் கிடையாது, பாடியில் இருக்கும் மோட்டார்தான் அவற்றைச் சுற்ற வேண்டும். டி3000, டி5000 வரிசைப் பாடிகளில் அந்த மோட்டார் இல்லை. 50 எம்எம் எஃப் 1.8டி மலிவாகக் கிடைக்கிறதே என்று டி3400க்கு வாங்கினால், காலம் முழுக்கக் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். அந்தப் பாடிகளுக்கு ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று போட்டிருக்க வேண்டும்.

சரி, ஏஎஃப்-பி என்றால் எல்லாவற்றிலும் ஓடுமா? அதுவும் இல்லை. டி3100, டி3200, டி5100 போன்ற பழைய பாடிகளில் ஏஎஃப்-பி லென்ஸ் ஃபோகஸே செய்யாது. டி3300, டி5200 போன்றவற்றுக்கு ஃபர்ம்வேர் (கேமராவுக்குள் இருக்கும் மென்பொருள்) அப்டேட் போட வேண்டும். விற்பவருக்கே இது தெரியாமல் இருக்கலாம். அதனால் உங்கள் பாடியில் மாட்டி, ஷட்டரைப் பாதி அழுத்தி, ஃபோகஸ் ஆவதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் காசை எடுக்க வேண்டும்.

படி 3: பாடி

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். நைக்கானில் டி7200 (2015), கேனனில் 80டி (2016). இரண்டுமே 24 மெகாபிக்சல், இரண்டிலும் ஷட்டருக்கும் அப்பர்ச்சருக்கும் தனித்தனிச் சக்கரம். ஒரே சக்கரம் உள்ள மலிவுப் பாடியில் பட்டனை அழுத்திக்கொண்டே திருப்பும் வேலை எனக்குப் பிடிக்காது. டி7200இல் ஃபோகஸ் மோட்டார் உள்ளேயே இருப்பதால் பழைய டி லென்ஸ்களும் ஓடும், கார்டும் இரண்டு போடலாம். 80டியில் திரையைத் திருப்பலாம், தொட்டு ஃபோகஸ் செய்யலாம், கொஞ்சம் வீடியோவும் வேண்டுமென்றால் இதுதான். நான் டி7200 கட்சி.

காசு பற்றவில்லையென்றால் நைக்கான் டி3500 அல்லது கேனன் 200டி. ஆனால் காசு மிச்சம் பிடிப்பதாக இருந்தால் பாடியில் பிடியுங்கள், லென்ஸில் பிடிக்காதீர்கள்.

படி 4: டார்ச் லைட் சோதனை

நம் மலேசியாவில் காற்றின் ஈரப்பதம் சாதாரணமாக 70 முதல் 90 சதவீதம். கேமராவைத் துணிப்பையில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டு, அடுத்த தீபாவளிக்கு எடுப்பவர்கள் இங்கே ஏராளம். அந்தப் பைக்குள் லென்ஸில் பூஞ்சை பிடித்துவிடும். விற்பவர்கள் "பங்கஸ் இல்லை, கிளியர்" என்று விளம்பரத்தில் போடுவார்கள். பொய் சொல்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன், சும்மா கண்ணால் பார்த்தால் அது தெரியவே தெரியாது. நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

சந்திக்கும் இடத்திலிருந்தே தொடங்குங்கள். நேரில் பார்த்துக் காசு கொடுக்கும் சிஓடிதான், தபாலில் வேண்டாம். மால் உணவுக்கூடம் மாதிரி உட்கார மேசையுள்ள, ரொம்ப வெளிச்சமில்லாத மூலை நல்லது. வெளியே வெயிலில் நின்று பார்த்தால் டார்ச் வெளிச்சம் எடுபடாது.

பாடியிலிருந்து லென்ஸைக் கழற்றி, இரண்டு பக்க மூடியையும் எடுங்கள். முன்பக்கத்தை உங்கள் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, பின்பக்கத்திலிருந்து டார்ச்சை அடியுங்கள். நேராக அடித்தால் கண் கூசும், ஒன்றும் தெரியாது. வெளிச்சம் சாய்வாக உள்ளே போக வேண்டும். டார்ச்சை மெதுவாகச் சுற்றிச் சுற்றிக் காட்டுங்கள். அப்புறம் லென்ஸைத் திருப்பிப் பிடித்து மறுபடியும்.

இப்போது முக்கியமான இடம். நைக்கானின் ஜி, டி லென்ஸ்களைக் கழற்றினால் அப்பர்ச்சர் தானாகச் சுருங்கி ஊசித்துளை மாதிரி ஆகிவிடும். அதன் வழியாகப் பார்த்து "சுத்தமாக இருக்கிறது" என்று முடிவு கட்டாதீர்கள், நடுவில் இருக்கும் துளி இடம்தான் தெரிந்திருக்கும். லென்ஸின் பின்பக்கத்தில் ஒரு சின்ன உலோக நெம்புகோல் துருத்திக்கொண்டிருக்கும். அதை நகத்தால் மெதுவாகத் தள்ளினால் அப்பர்ச்சர் இதழ்கள் விரியும். டி லென்ஸ் என்றால் அப்பர்ச்சர் வளையத்தையும் 1.8க்குத் திருப்பிக்கொள்ளுங்கள். இதழ்கள் விரிந்த நிலையில் பிடித்துக்கொண்டு டார்ச் அடிக்க மூன்று கை வேண்டும், அதனால் ஒரு நண்பரைக் கூட்டிப் போங்கள். கேனன் ஈஎஃப் லென்ஸ்கள் கழற்றினாலும் திறந்தே இருக்கும், அந்த வம்பு இல்லை.

என்ன தெரியும்? தனித்தனிப் புள்ளிகள் என்றால் தூசு. அது எல்லா லென்ஸிலும் இருக்கும், படத்தில் வராது, விலை பேச மட்டும் பயன்படும். சிலந்தி வலை மாதிரி கிளை பிரிந்து ஓரத்திலிருந்து நடுவை நோக்கிப் படர்ந்திருந்தால் பூஞ்சை. முழுக் கண்ணாடியும் பால் தெளித்தாற்போல் மங்கலாக இருந்தால் ஹேஸ், அதுவும் வேண்டாம். இதழ்களில் எண்ணெய் மினுமினுப்பு இருந்தால் நெம்புகோலைச் சட்டென விட்டுப் பாருங்கள். சுணங்காமல் மூட வேண்டும்.

ஓரத்தில் கொஞ்சம்தான் பூஞ்சை, படத்தில் தெரியாது, கிளீன் செய்தால் போய்விடும் என்பார்கள். துடைத்தால் பூஞ்சை போகும். ஆனால் அது சுரக்கும் அமிலம் கண்ணாடியின் மேல்பூச்சை அரித்திருந்தால் அந்தத் தழும்பு போகாது. முதல் லென்ஸ் வாங்குபவர் அந்தச் சூதாட்டத்தில் இறங்க வேண்டாம். நன்றி சொல்லிவிட்டு, ஒரு தே தாரேக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். அடுத்த வாரம் வேறு லென்ஸ் வரும்.

படி 5: பாடிச் சோதனை

எஃப் 16இல் வெள்ளைச் சுவரை ஃபோகஸ் இல்லாமல் ஒரு படம் எடுத்து, திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் சென்சார் தூசு தெரியும். ஊதினால் போகிற தூசுக்குக் கவலைப்பட வேண்டாம். எல்லாப் பட்டன்களையும் அழுத்துங்கள், இரண்டு சக்கரத்தையும் சுற்றுங்கள், பிளாஷ் அடித்துப் பாருங்கள். கைப்பிடி ரப்பர் உப்பிப்போய் வழுக்கினால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

ஷட்டர் கவுண்ட் (ஷட்டர் இதுவரை எத்தனை முறை ஓடியது என்ற எண்): நைக்கான் படக் கோப்புக்குள் பதிவாகும் எக்ஸிஃப் தகவலிலேயே எண் இருக்கும், ஒரு படத்தை அனுப்பச் சொல்லி வீட்டிலேயே பார்த்துவிடலாம். கேனன் பெரும்பாலும் அப்படி எழுதாது, தனி மென்பொருள் வேண்டும். டி7200 ஷட்டர் 150,000 முறைக்கும், 80டி 100,000 முறைக்கும் சோதிக்கப்பட்டவை. அதைத் தாண்டினால் உடனே செத்துவிடும் என்று அர்த்தமில்லை. 30,000 ஓடிய பாடியும் பூஞ்சை பிடித்த லென்ஸும் ஒரு பக்கம், 90,000 ஓடிய பாடியும் சுத்தமான லென்ஸும் மறுபக்கம் என்றால் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

படி 6: வீட்டுக்கு வந்ததும்

காசு இருந்தால் டிரை கேபினட் (உள்ளே ஈரத்தைக் குறைத்து வைக்கும் அலமாரி). ஈரப்பதம் 40க்கும் 50க்கும் நடுவில் நிற்கட்டும். இல்லையென்றால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பதமானி போதும். ஜெல் நிறம் மாறினால் சூடாக்கிக் காயவைத்துத் திரும்பப் போடுங்கள். கேமராப் பையைத் தூக்கிப் போகப் பயன்படுத்துங்கள், அதற்குள்ளேயே குடித்தனம் வைக்க வேண்டாம்.

யூவி ஃபில்டர் எனக்குப் பிடிக்காது. மலிவு ஃபில்டர் இரவு விளக்குகளுக்குப் பேய் நிழல் சேர்க்கும், லென்ஸ் ஹூட் போதும். தைப்பூசத்தின்போது தேருக்கு முன்னால் தேங்காய் உடைக்கிற இடத்தில் நிற்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் மாட்டிக்கொள்ளுங்கள். தேங்காய்த் தண்ணீர் காய்ந்தால் பிசுபிசுவென்று ஒட்டும்.

ஏர்கான் அறையிலிருந்து வெளியே போனதும் லென்ஸ் பனிமூட்டம் போடும். துடைத்துத் துடைத்துப் பார்க்காதீர்கள். அரைமணி நேரம் முன்பே பையை மூடியபடி வெளியே வைத்துவிட்டால் பிரச்சினை வராது.

பிற்சேர்க்கை 1: மலிவு சீன பிளாஷ் கேனன் 250டியில் அடிக்கவில்லை என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். பிளாஷ் கெட்டுப்போகவில்லை. 250டி, 1500டி பாடிகளின் மேல் பிளாஷ் மாட்டும் இருக்கையில் நடு மின் முனையைக் கேனன் எடுத்துவிட்டது. அந்த ஒரு முனையை நம்பி ஓடும் சாதாரண பிளாஷ் எதுவும் அதில் வேலை செய்யாது. பிளாஷ் வேலை செய்ய நினைப்பவர்கள் 200டி அல்லது 80டி எடுங்கள்.

பிற்சேர்க்கை 2: "நாளைக்கு மிரர்லெஸ் மாறினால் இந்த லென்ஸ் வீணா?" என்று ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். கேனன் ஈஎஃப், ஈஎஃப்-எஸ் லென்ஸ்கள் அடாப்டர் போட்டால் கேனனின் ஆர் வரிசை மிரர்லெஸ்ஸில் ஆட்டோஃபோகஸோடு ஓடும். நைக்கானில் ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-பி லென்ஸ்கள் எஃப்டிஇசட் என்ற அடாப்டரில் ஓடும். டி லென்ஸ்களுக்கு அங்கேயும் கையால்தான் ஃபோகஸ், ஏனென்றால் அந்த அடாப்டரிலும் மோட்டார் இல்லை. சின்ன சென்சாருக்கான லென்ஸ்களை ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) பாடியில் மாட்டினால் படத்தின் நடுப்பகுதி மட்டும்தான் கிடைக்கும். எனவே ஃபுல் ஃபிரேம் போகும் எண்ணம் இருந்தால் 35 டிஎக்ஸுக்குப் பதில் ஏஎஃப்-எஸ் 50 எம்எம் எஃப் 1.8ஜி வாங்குங்கள், அஞ்சடியில் கொஞ்சம் பின்னால் நகர்ந்துகொள்ளலாம்.