எல்எச்சி கோலிமேட்டரைக் கற்றையோடு சீரமைப்பது எப்படி?

செர்ன் ஆய்வகத்தின் எல்எச்சி துகள்முடுக்கி வளையத்தில், புரோட்டான் கற்றையின் ஓரத்தில் விலகித் திரியும் துகள்களைத் தடுக்கும் கோலிமேட்டர்கள் சுமார் நூறு உள்ளன. ஒவ்வொன்றிலும் எதிரெதிராக இரண்டு தாடைகள், ஒவ்வொரு தாடைக்கும் முன்முனையில் ஒன்றும் பின்முனையில் ஒன்றுமாக இரண்டு ஸ்டெப்பர் மோட்டார்கள். சர்வே குழு டேங்கை (தாடைகள் இருக்கும் வெற்றிடப் பெட்டியை) எவ்வளவு கச்சிதமாக வைத்திருந்தாலும் கற்றை அதன் நட்டநடுவில் ஓடுவதில்லை. நடு எங்கே என்பதைக் கற்றையைத் தொட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

தொடுவதற்குக் குறைந்த செறிவுள்ள கற்றையே போதும்: சுமார் பத்தாயிரம் கோடி புரோட்டான் கொண்ட ஓரிரு பஞ்சுகள் (bunch, புரோட்டான் திரள்). முழுக் கற்றையோடு இதைச் செய்தால் தாடைக்கே ஆபத்து. கற்றையை வளையத்துக்குள் செலுத்தும் ஆற்றலான 450 ஜிஇவி-யில் எடுத்த நடுப்புள்ளி உச்ச ஆற்றலுக்குச் செல்லாது, பாதை மாறியிருக்கும். இரண்டு ஆற்றலிலும் தனித்தனியாக அளக்க வேண்டும்.

முதலில், வளையத்தின் ஏழாம் பகுதியில் உள்ள, கற்றைக்கு மிக அருகில் நிற்கும் முதன்மைக் கோலிமேட்டரை, அளக்கப்போகும் அதே தளத்தில் (கிடை அல்லது செங்குத்து), இரு தாடையாலும் தொடவிடுங்கள். கற்றையின் ஓரத்துக்கு இப்போது ஒரு கூரான விளிம்பு கிடைக்கும். பிறகு அளக்க வேண்டிய கோலிமேட்டரின் ஒரு தாடையை மட்டும் 5 முதல் 20 மைக்ரோமீட்டர் படிகளாக உள்ளே நகர்த்தி, அதன் இழப்பு அளவியில் (சிதறும் துகள்களை அளக்கும் கருவியில்) முள், அதாவது திடீர் ஏற்றம், எழுந்ததும் நிறுத்துங்கள். அடுத்தது எதிர்த்தாடை. இரண்டையும் சேர்த்து நகர்த்தினால் தொட்டது எது என்றே தெரியாது. கடைசியில் முதன்மைக் கோலிமேட்டரை மறுபடி தொடவிடுங்கள்; இடையில் நீங்கள் எவ்வளவு சீவிவிட்டீர்கள் என்பது அதில்தான் தெரியும்.

கணக்கு எளிது. தாடைகள் தொட்ட இடம் +1.42 மிமீ, −1.02 மிமீ என்று வையுங்கள். நடு +0.20, இடைவெளி 2.44. முதன்மையின் வெட்டு (அதன் தாடை கற்றை நடுவிலிருந்து நிற்கும் தூரம்) முன்பு 4.0 சிக்மா (சிக்மா என்பது அந்தந்த இடத்தில் கற்றையின் அகல அளவு), பின்பு 3.9 என்றால், 2.44-ஐ 7.9-ஆல் வகுக்க, சிக்மா 0.309 மிமீ. 6.5 சிக்மாவில் நிறுத்த வேண்டுமானால் தாடைகள் +2.21, −1.81.

தவறு பெரும்பாலும் முள்ளைப் படிப்பதில்தான் நேர்கிறது. உண்மையான தொடுகையில் இழப்பு சட்டென்று ஏறி, சில விநாடிகளில் மெல்ல இறங்கி, பழைய மட்டத்தைவிடச் சற்று உயரத்தில் நிற்கும். ஏறிய வேகத்திலேயே இறங்கிப் பழைய மட்டத்துக்குத் திரும்பினால் கற்றைதான் ஆடியிருக்கிறது. பக்கத்துக் கோலிமேட்டரிலிருந்து சிதறி வரும் துகள்களும் ஏமாற்றும். அதனால் அக்கம்பக்கத்தில் ஒரே நேரத்தில் இரண்டை நகர்த்தாதீர்கள். சந்தேகமா? அதே தாடையை இன்னொரு படி தள்ளுங்கள், உண்மையென்றால் முள் மறுபடி எழும்.

அளந்த சிக்மா ஆப்டிக்ஸ் கணக்கைவிடப் (காந்தங்கள் கற்றையைக் குவிப்பதை வைத்துக் கணித்த அளவைவிட) பெரிதாக வந்தால் தாடை சாய்ந்து ஒரு மூலையால் மட்டும் தொடுகிறதா என்று பாருங்கள். முன், பின் மோட்டார்களைத் தனித்தனியே நகர்த்தினால் தெரிந்துவிடும். ஆப்டிக்ஸ் பிழையும் இதே அறிகுறியைக் காட்டும் என்பதால் உடனே சாய்வைத் திருத்திவிடாதீர்கள்.

2013-இல் தொடங்கிய நீண்ட நிறுத்தத்தின்போது பொருத்தப்பட்ட மூன்றாம்நிலைக் கோலிமேட்டர்களின் தாடைகளிலேயே கற்றையின் இடத்தை உணரும் நிலையறி பொத்தான்கள் உண்டு. இரு பக்க சிக்னலும் சமமாகும்வரை நகர்த்தினால் போதும், தொட வேண்டியதில்லை. சிக்னல் நேர்கோட்டில் மாறாததால் ஒரே தாவலில் போகாமல் இரண்டு மூன்று முறை அளந்து நெருங்குங்கள்.

எல்லாம் முடிந்ததும் டேம்பரால் (கற்றையைப் பக்கவாட்டில் தட்டும் மின்புலக் கருவியால்) கற்றையைக் கிளறி, வளையம் முழுதும் எங்கெங்கே எவ்வளவு இழப்பு என்று காட்டும் இழப்பு வரைபடம் எடுங்கள். உச்சம் முதன்மையில் இருந்து, அதற்கடுத்த நிலைகளில் படிப்படியாகக் குறைய வேண்டும். இரண்டாம்நிலைக் கோலிமேட்டர் ஒன்று முதன்மையை விஞ்சி நின்றால், அதை மட்டும் திறந்து மறுபடி தொடவிடுங்கள்.